பட்டிக்கதவு வெர்லின்

“கம்பியை மாட்டிட்டுத்தான் வந்தேன்!”

“மாட்டினா பன்னி எப்படிடா வெளிய வந்துச்சு? அதுவே கழட்டிச்சா?”

“அக்கா, நான் சொல்றதைக் கொஞ்சம்...”

“அறுபது வருஷமா அதைத்தானேடா கேட்டுட்டிருக்கேன்!”

ஆர்டிஸ் பேசிக்கொண்டே, விருந்துக்கான ஜெல்லி சாலட்டில் துருவிய கேரட்டைக் கொட்டினாள். அயோவாவின் அந்தச் சின்ன ஊருக்கு அன்று நூற்றைம்பதாம் ஆண்டு விழா. மதியம் சர்ச்சின் கீழ்த்தளக் கூடத்தில் விருந்து. ‘நாங்கள் வளர்ந்த ஊர்’ என்று பேசப்போவது அவள்தான். தம்பி திறந்துவிட்ட பன்றிகள்தான் பேச்சின் உச்சம்.

அறுபது வருஷத்துக்கு முந்தைய ஒரு கோடையில் சர்ச் புல்வெளியில் மேடை போட்டுப் பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். எதிரே இவர்கள் வீட்டுப் பட்டியிலிருந்த பன்றிகள் மொத்தமும் வந்து மேடையேறிவிட்டன. அன்றிலிருந்து தம்பி வெர்லின் ஊருக்கே ‘பட்டிக்கதவு வெர்லின்’. சோளம் விற்கப் போனாலும் அதே பெயர், கல்யாணத்தன்று பாதிரியார் வாயிலும் அதே பெயர்.

ஊர் சிரிப்பது வெர்லினுக்குப் பழகிவிட்டது. உறுத்தியது ஒன்றுதான். அந்தக் கதை வந்தால் மனைவி லோயிஸ் மட்டும் சிரிக்கமாட்டாள், தலையைக் குனிந்துகொள்வாள். இப்போதும் மேசையோரத்தில் தலையைக் குனிந்தபடி ரொட்டிக்குள் பன்றிக்கறித் துண்டுகளை வைத்துக்கொண்டிருந்தாள்.

“பாவம், அவளுக்கு எவ்வளவு அவமானம் பாரு” என்றார் வெர்லின், குரலைத் தாழ்த்தி. “அவளுக்காகவாவது இன்னைக்குப் பேரை மாத்து.”

“சரி, உன் கூட்டாளி கார்ல் திறந்தான்னு சொல்லிடறேன்.”

“கார்ல் முன்வரிசையிலேயே உக்காந்திருப்பான்!”

“அப்போ காத்துல திறந்துடுச்சுன்னு சொல்றேன்.”

“காத்து கம்பியைக் கழட்டுமா?”

“நீ கழட்டலைன்னா காத்துதான்டா கழட்டியிருக்கணும்!”

வெர்லினுக்கு ரோஷம் பொங்கியது. சின்ன வயதில் பக்கத்துப் பண்ணையில் இருந்த ஆர்விலைத் தொலைபேசியில் கூப்பிட்டு, எல்லோரும் கேட்கட்டும் என்று அதை மேசை நடுவில் வைத்தார். ஆர்வில் இன்றும் ஒண்டிக்கட்டை. மழை, சோளம், முட்டிவலி எல்லாம் விசாரித்த பிறகே விஷயத்துக்கு வருவது ஊர் மரியாதை. விசாரித்தார்கள்.

“ஆர்வில், அன்னைக்குப் பட்டிக்கதவைத் திறந்தது யாரு? உண்மையைச் சொல்லு.”

“நான்தான்.”

ஆர்டிஸின் கையிலிருந்து கரண்டி ஜெல்லிக்குள் விழுந்தது.

“பந்து உள்ள விழுந்துடுச்சு. எடுத்துட்டு வந்தேன், கம்பியை மாட்ட மறந்துட்டேன்.”

“அடப்பாவி, இத்தனை வருஷமா ஏன்டா சொல்லல?”

“யாரும் என்னைக் கேக்கலையே.”

“என் பேச்சே போச்சு!” என்று ஆர்டிஸ் தலையில் கைவைத்தாள். “ஆர்வில்னா எவன்டா சிரிப்பான்?”

வெர்லின் சிறுபிள்ளை மாதிரி துள்ளி எழுந்தார். “கேட்டியா லோயிஸ்? நான் இல்லை! நான் திறக்கவே இல்லை!”

லோயிஸ் கத்தியைக் கீழே வைத்தாள்.

“அன்னைக்கு மேடையில தனியாப் பாட வேண்டியவ நான். முதல் வரியே மறந்துபோச்சு. வாயைத் திறந்துட்டு நிக்கறேன், ஊரே என்னைப் பாக்குது, அம்மா முறைக்கறா. அந்த நேரம் பாத்துப் பன்னிங்க வந்துச்சு. அப்புறம் ஒருத்தரும் என்னைப் பாக்கல. அந்தக் கதவைத் திறந்தவன் எவனோ, கட்டினா அவனைத்தான் கட்டணும்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.”

வெர்லினின் சிரிப்பு பாதியில் நின்றது.

லோயிஸ் கையைத் துடைத்துக்கொண்டு தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்தாள்.

“ஆர்வில், லைன்லதானே இருக்க?”