சொல்தாவும் பூக்காத சுரோவும்

ஒரே செடியிடம் இத்தனை தடவை தோற்றவர் இந்த உலகத்தில் எங்கள் தெரு சொல்தாவைத் தவிர வேறொருவர் இருக்க முடியாது. பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து பென்ஷனோடு காரைக்கால் திரும்பியவர்களைச் சொல்தா என்போம். தெருவுக்கு ஒருவர் இருந்தார். மற்ற சொல்தாக்கள் மீசை வளர்த்தார்கள். இவர் சுரோ வளர்த்தார்.

சுரோ என்பது பிரான்சில் வாய்க்கால் ஓரமெல்லாம் தானாக மண்டும் புதர்ச்செடி. குடை விரித்த மாதிரி வெள்ளையாகப் பூக்குமாம். பட்டாளத்தில் நெஞ்சுச்சளியோடு சாகக் கிடந்த இவரை, ஒரு குடியானவன் வீட்டு அம்மாள் அந்தப் பூவை வெந்நீரில் போட்டுக் கொடுத்து எழுப்பி உட்காரவைத்தாளாம். அந்தப் பூவை மனைவி ஞானம்மாவுக்கு ஒரு தடவையாவது காட்டிவிட வேண்டும். அவருக்கு வேறு ஆசையே கிடையாது.

பிரான்சிலிருந்து கப்பலில் யார் வருவதாக இருந்தாலும், நடுவதற்குச் சுரோ போத்து, இளங்குச்சி, வெட்டி வரச் சொல்லி எழுதுவார். வழியில் வாடாமலிருக்க உருளைக்கிழங்கில் குத்தி, ஈரத்துணி சுற்றி வரும். முதல் பொட்டலத்தை வீட்டில் வைத்துவிட்டு மண் பார்க்கப் போனவர் திரும்புவதற்குள் சமையல் முடிந்திருந்தது.

"நல்ல கிழங்குங்க. எதுக்குக் குச்சியில குத்திக் குடுத்துருக்காங்க? குச்சி அடுப்புக்கு ஆச்சு," என்றாள் ஞானம்மா.

சொல்தா அன்று சாப்பிடவில்லை. வறுவல் எங்கள் வீட்டுக்கு வந்தது. நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த போத்துகள் உப்புக்காற்றில் கருகின. நெடுங்காட்டு வாய்க்கால் வண்டலை வண்டியில் கொண்டுவந்து கொட்டினார். மூன்று செடிகள் தழைத்தன; ஒன்றும் பூக்கவில்லை. குளிர் பட்டால்தான் பூக்கும் என்று முடிவுகட்டி, பங்குனி வெயிலில் சோடாக்கடை ஐஸ் பாளத்தை வாங்கி வேரைச் சுற்றி அடுக்கினார்.

"நான் ஒரு சர்பத்துக்கு ஐஸ் கேட்டா தொண்டை கட்டும்பீங்க. செடிக்குத் தொண்டையே கிடையாதா?" என்றாள் ஞானம்மா.

"சத்தம் போடாத. பனிக்காலம்னு அது நம்பிக்கிட்டிருக்கு."

அது நம்பவில்லை. இரண்டு அழுகி, ஒன்று மிஞ்சியது.

எதிர்வீட்டு மரைக்காயர் நல்லெண்ணத்தில், பிரெஞ்சு மரியாதையோடு, "முசே, சளிக்குத்தானே? நம்ம வேலியில ஆடாதொடை கெடக்கு. அதுவும் வெள்ளப் பூதான், பறிச்சுக்கங்க," என்று சொல்லிவிட்டார். பெருநாள் நெய்ச்சோறு வரும்வரை அவரோடு சொல்தா பேசவில்லை.

பிரெஞ்சுக் கொடி இறங்கிய பிறகு பலர் பிரான்சுக்குக் கப்பலேறினார்கள். சொல்தாவின் தம்பி பிரான்சின் மார்செய் துறைமுகத்திலிருந்து இவர்களை அழைத்துப்போக வந்து நின்றார். ஞானம்மா தகரப்பெட்டியைக் கட்டிவிட்டாள்.

"வாங்கண்ணே. அங்க போற வழியெல்லாம் இந்தச் செடிதான். அண்ணி கண்ணாரப் பாக்கட்டும்."

சொல்தா செடியைக் காட்டினார். "அங்க உள்ளதுக்கு யாரும் தேவையில்லப்பா. இதுக்கு நான் ஒருத்தன்தான்."

தம்பி தலையில் அடித்துக்கொண்டார். ஞானம்மா பெட்டியை அவிழ்த்தாள்.

அடுத்த சித்திரையில் அந்தச் செடியும் செத்தது. நுனியிலிருந்து கருகிக்கொண்டே வந்து, ஒருநாள் தொட்டதும் ஒடிந்தது. கப்பலும் போயிற்று, செடியும் போயிற்று. ஞானம்மா அந்தப் பூவைக் கடைசிவரை பார்க்கவேயில்லை.

மறுநாள் நான் ஆபீசுக்குக் கிளம்பும்போது, சொல்தா வழக்கம்போல் கிணற்றடியிலிருந்து வாளியோடு வந்து காய்ந்த குச்சியின் முன்னால் நின்றார். வாளியை வாங்கிக்கொண்டேன்.

"வேருல பாத்து ஊத்துங்க தம்பி," என்றார்.

பார்த்துத்தான் ஊற்றினேன்.