ஏரிப்புறத்தில் யாருக்கும் ஐந்து வயது ஆகவில்லை

மேழிநாட்டு மன்னர்கள் இயற்றிய சட்டங்களில் ஒன்றே ஒன்றைத்தான் மக்கள் வாய்விட்டுப் புகழ்ந்தார்கள். ஐந்து வயது நிறைந்த எந்தக் குழந்தைக்கும் அது குடியிருக்கும் ஊரிலேயே பள்ளியில் ஓர் இடம் தரப்பட வேண்டும். தரத் தவறினால் கல்வி அமைச்சர் அன்றே பதவி விலக வேண்டும். இதுதான் அந்தச் சட்டம். அது வந்து எழுபது ஆண்டுகள் ஆகியிருந்தன. எந்தக் கல்வி அமைச்சரும் பதவி விலகியதில்லை. ஆகவே நாட்டில் எல்லாக் குழந்தைகளும் படிக்கிறார்கள் என்று அரண்மனையில் நம்பினார்கள்.

தலைநகரத்துக்கு மேற்கே ஓர் ஏரி வற்றிப்போயிற்று. அதைத் தூர்த்து மனை போட்டார்கள். நகரத்தில் வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாதவர்கள் அங்கே வந்து சின்னச் சின்ன வீடுகளாகக் கட்டிக்கொண்டார்கள். ஊருக்கு ஏரிப்புறம் என்று பெயர் வந்தது. குடியமர்வு அமைச்சர் வீடுகளுக்கு அனுமதி வழங்கிக்கொண்டே இருந்தார். கல்வி அமைச்சருக்கு அது தெரியாது. அவைக்குள் யார் முதலில் நுழைவது என்ற தகராறில் இரண்டு அமைச்சர்களும் பதினோரு ஆண்டுகளாகப் பேசிக்கொள்வதில்லை. ஏரிப்புறத்தில் இருந்தது ஒரே பள்ளி. ஏரியில் தண்ணீர் இருந்த காலத்தில் மீன் பிடிப்பவர்களின் குழந்தைகளுக்காகக் கட்டியது. அதன் முதல் வகுப்பில் நாற்பது பேர் உட்காரலாம்.

திருமேனி கல்வித் துறையில் இடக்கணிப்பாளராக வேலை பார்த்தார். எந்த ஊரில் எத்தனை குழந்தைகள், அவர்களுக்கு எத்தனை இடம் வேண்டும் என்று கணித்துச் சொல்வது அவர் வேலை. அதிர்ந்து பேசாத மனிதர். அவர் சம்பளத்துக்கும் ஏரிப்புறத்தில்தான் வீடு அமைந்தது. மனைவி பெயர் மரகதம். மகள் செவ்வந்திக்கு ஒரு வயது.

ஒரு மாலை மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருவில் நடந்துகொண்டிருந்தார். எதிரே வந்தவர் தோளிலும் ஒரு குழந்தை. அவருக்குப் பின்னால் வந்தவள் இடுப்பில் ஒன்று. தெருமுனைக்குப் போவதற்குள் பதினேழு குழந்தைகளைப் பார்த்துவிட்டார். மறுநாள் முதல் வீடு வீடாகப் போய்த் தொட்டில்களை எண்ணினார். இன்னும் நான்கு ஆண்டுகளில் ஆயிரத்து நூறு குழந்தைகளுக்கு ஐந்து வயது நிறையும் என்று அறிக்கை எழுதிக்கொண்டு அமைச்சர் ஞானவரம்பரிடம் போனார்.

ஞானவரம்பர் அறிக்கையைத் தேதியிலிருந்து படிக்கத் தொடங்கினார்.

"இது எந்த ஆண்டின் குறை?"

"நாலு வருஷம் கழிச்சு வரப்போறதுங்கய்யா."

"இவ்வாண்டில் இவ்வாண்டின் குறைகளை மட்டுமே பெற்றுக்கொள்ள விதி இருக்கிறது. உரிய ஆண்டில் கொண்டுவாருங்கள். அரசு உடனடியாகப் பரிசீலிக்கும்."

"பள்ளிக்கூடம் கட்ட மூணு வருஷம் ஆகும்னு சொல்றாங்கய்யா. இப்பவே அஸ்திவாரம் போட்டாத்தான்..."

"நடக்காததை நினைத்துக் கவலைப்படுவது குடிமக்களின் இயல்பு. அரசின் இயல்பு அதுவன்று," என்ற ஞானவரம்பர், 'உரிய ஆண்டில் சமர்ப்பிக்கவும்' என்று எழுதிக் கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

உரிய ஆண்டு வந்தது. திருமேனி அதே அறிக்கையை எடுத்துக்கொண்டு போனார். அமைச்சர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இதை நான்கு ஆண்டுகளுக்கு முன்பே ஏன் சொல்லவில்லை?"

திருமேனி அமைச்சர் முன்பு போட்ட கையெழுத்தைக் காட்டினார். அமைச்சர் அதை வெகுநேரம் பார்த்தார். அப்போது தம் கையெழுத்து இன்னும் தெளிவாக இருந்தது என்று மட்டும் சொன்னார்.

பள்ளி வாசலில் ஆயிரத்து நூறு பெற்றோர் நின்றார்கள். பதவியா பள்ளியா என்ற கேள்வி அமைச்சருக்கு ஒரு கணமும் எழவில்லை. முதல் ஆணை வெளியாயிற்று: பள்ளியில் ஓர் இடம் என்பது இனி ஒரு சாண் அகலம். நான்கு பேர் உட்கார்ந்த பெஞ்சில் எட்டுப் பேர் ஒருக்களித்து உட்கார்ந்தார்கள். முன்னால் இருப்பவள் முதுகில் நோட்டை வைத்துத்தான் எழுத முடிந்தது. அடுத்த வாரம் இரண்டாவது ஆணை: இடம் என்றால் உட்காரும் இடம் என்று சட்டத்தில் எங்கும் இல்லாததால், நிற்பதும் இடமே. அறுபது குழந்தைகள் சுவரோரம் நின்று படித்தார்கள். மத்தியானத்துக்குள் நாலைந்து பேர் மயங்கி விழுந்தார்கள். விழுந்தவர்கள் கிடந்தது அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட அளவைவிட அதிக இடம் என்று ஆய்வாளர் ஒருவர் குறிப்பு எழுதினார்.

அப்படியும் தொள்ளாயிரத்து அறுபது குழந்தைகள் வெளியே நின்றார்கள். இடம் யாருக்கு என்று பார்த்த குலுக்கலில் பெயர் வராத செவ்வந்தியும் அவர்களில் ஒருத்தி.

"உங்க ஆபீஸ்ல யார்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று மரகதம் கேட்டாள்.

"சொல்லலாம். எந்தப் பிள்ளையை எழுப்பிட்டு நம்ம பிள்ளையை உட்கார வைக்கச் சொல்றது? எல்லார் வீட்டுத் தொட்டிலையும் நான்தானே எண்ணினேன்."

மரகதம் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

சிக்கலைத் தீர்த்தவர் அமைச்சரின் சட்ட ஆலோசகர். "இடம் போதவில்லை என்று நாம் ஏன் கருத வேண்டும்?" என்று அவர் ஆலோசனைக் கூட்டத்தில் நிதானமாகக் கேட்டார். "வயது போதவில்லை என்று கருதினால் சட்டம் மீறப்படவே இல்லை."

மூன்றாவது ஆணை அன்று மாலையே முரசறைந்து சொல்லப்பட்டது. ஏரிப்புறத்தில் புதிய பள்ளிக் கட்டடம் திறக்கப்படும் நாள்வரை, பள்ளியில் இடம் பெறாத எந்தக் குழந்தைக்கும் அவ்வூரில் நான்கு வயதுக்கு மேல் ஆகாது. வயதுச் சான்றுகளைத் திருத்தி எழுதும் பொறுப்பு இடக்கணிப்பாளருக்குத் தரப்பட்டது. திருமேனி ஒன்பது நாள் உட்கார்ந்து எழுதினார். மகளுடைய சான்றைக் கடைசியாக எழுதினார்.

"அப்பா, எனக்கு எப்பப்பா அஞ்சு ஆகும்?" என்று செவ்வந்தி கேட்டாள்.

"பள்ளிக்கூடம் கட்டினதும்மா."

"எப்பக் கட்டுவாங்க?"

"கட்டுவாங்க."

அவள் தினமும் தெருப்பிள்ளைகளோடு போய்ப் பள்ளிக்கென்று ஒதுக்கிய பொட்டலைப் பார்த்துவிட்டு வந்தாள். அங்கே அறிவிப்புப் பலகை ஒன்று இருந்தது. அதை வாசிக்க அவளுக்குத் தெரியாது. அப்பாதான் பிறகு, பழைய படிவங்களின் பின்பக்கத்தில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். எல்லார் வீட்டிலும் அதற்கு ஆள் இல்லை. வசதி உள்ளவர்கள் தலைநகரத்தில் ஒரு விலாசத்தை வாடகைக்குப் பிடித்துப் பிள்ளைகளை அங்கே சேர்த்தார்கள். மற்றவர்களின் பிள்ளைகள் நான்கு வயதிலேயே வளர்ந்தார்கள். உயரமானார்கள், குரல் உடைந்தது, வேலைக்குப் போனார்கள். நான்கு வயதுக் குழந்தைக்குக் கூலி கொடுப்பது குற்றம் என்பதால், முதலாளிகள் மிட்டாய் வாங்கிக்கொள்ளும்படி ஏதோ கொடுத்தார்கள். காதலித்தவர்கள் திருமணப் பதிவுக்குப் போனால், நான்கு வயதுக் குழந்தைகள் இருவருக்குத் திருமணம் பதிய முடியாது என்று எழுதியே கொடுத்தார்கள். பேருந்தில் மட்டும் டிக்கெட் கிடையாது. "மீசை வச்ச பாப்பா, உள்ள தள்ளி நில்லு" என்று நடத்துநர்கள் ஏற்றிக்கொண்டார்கள். ஊரில் அதற்குப் பிறகு பிறந்த குழந்தைகளும் நான்கு வரை வந்து நின்றார்கள்.

செவ்வந்தி ஒரு தையல் கூடத்தில் வேலை பார்த்தாள். தலைநகரப் பள்ளிகளுக்கான சீருடைகளுக்குப் பொத்தான் வைப்பது அவள் வேலை. கை சுத்தம் என்று பெயர் வாங்கியிருந்தாள்.

பதினாறு ஆண்டுகள் போயின. ஞானவரம்பர் அப்போதும் கல்வி அமைச்சராகவே இருந்தார். அமைச்சராக நீடிக்க அவைத் தேர்தலில் ஜெயிக்க வேண்டும்; கடந்த முறை அறுநூறு வாக்கில்தான் ஜெயித்திருந்தார். இந்தமுறை எதிர்த்து நின்றவர் குடியமர்வு அமைச்சர். ஓய்வு பெற ஓராண்டு இருந்த திருமேனிக்கு அழைப்பு வந்தது.

"ஏரிப்புறத்தில் பள்ளியில் இடம் கிடைக்காதவர்களில் இருபத்தொரு வயது நிறைந்தவர்கள் எத்தனை பேர்?"

"சட்டப்படி யாரும் இல்லீங்கய்யா. பதினாறு வருஷமா நாலுலயே நிக்கிறாங்க."

"சட்டப்படி கேட்கவில்லை. வாக்குப்படி கேட்கிறேன்."

"தொள்ளாயிரம் பேருக்கு மேல இருப்பாங்க."

"அவர்களுக்கு வாக்குரிமை வழங்குகிறோம். வாக்களிக்க ஒரு வயது, படிக்க ஒரு வயது என்று இருப்பதில் முரண்பாடு எதுவும் இல்லை. பட்டியலைத் தயார் செய்யுங்கள்."

திருமேனி எழுந்திருக்கவில்லை. "ஓட்டுச்சாவடிய எங்க வைக்கிறதுங்கய்யா?" என்று கேட்டார். "பள்ளிக்கூடத்துலதான் வைக்கணும்னு விதி. நம்ம பழைய பள்ளிக்கூடத்துல நிக்கவே இடம் இல்லை. ஊர் பெருத்துப்போச்சு. கணக்குப் பார்த்தா இன்னும் மூணு பள்ளிக்கூடம் வேணும்."

அமைச்சர் சட்ட ஆலோசகரைப் பார்த்தார். விதி அப்படித்தான் என்று அவர் தலையசைத்தார். அமைச்சர் பொறியாளரை அழைத்தார். நாற்பது நாளில் முடித்துவிடலாம் என்று பொறியாளர் சொன்னார்.

முடித்தும்விட்டார்கள். மூன்று கட்டடங்கள், தொள்ளாயிரம் இடங்கள். பள்ளிக்கூடம் என்று விதி சொல்வதால் கரும்பலகையும் பெஞ்சும் மணியும்கூட வந்து இறங்கின. தினமும் வேலைக்குப் போகிற வழியில் செவ்வந்தி நின்று பார்ப்பாள்.

"இவ்வளவு செங்கல்லும் இத்தனை வருஷமா எங்கப்பா இருந்துச்சு?" என்று ஒருநாள் கேட்டாள்.

ஏரிப்புறத்தின் வாக்குகளால் ஞானவரம்பர் ஜெயித்தார். கட்டடங்களைப் பூட்டிவைக்கலாம் என்றார். முடியாது என்றார் சட்ட ஆலோசகர். புதிய கட்டடம் திறந்த அன்றே மூன்றாவது ஆணை காலாவதியாகிவிட்டது. நின்றுபோன வயது மறுபடி நடக்கத் தொடங்கிவிட்டது. நான்குக்கு அடுத்தது ஐந்து. ஆகவே காத்திருப்போர் பட்டியலின்படி, மூத்தவர்களில் தொடங்கி இடம் ஒதுக்கியாக வேண்டும்.

செவ்வந்திக்குக் கடிதம் வந்தது. 'செவ்வந்தி, வயது ஐந்து. முதல் வகுப்பில் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. பெற்றோர் கைபிடித்து அழைத்துவரவும். காலையில் பால் வழங்கப்படும்.' அவளோடு வளர்ந்த தொள்ளாயிரம் பேருக்கும் அப்படியே வந்தது. இடங்கள் நிரம்பிவிட்டதால், நிஜமாகவே ஐந்து வயதான குழந்தைகள் அடுத்த கட்டடம்வரை நான்கிலேயே இருக்க வேண்டும் என்று புதிய ஆணையும் வந்தது.

பக்கத்து வீட்டுப் பொற்கொடி, மகன் எழிலனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். பையனுக்குப் புதுச் சட்டை போட்டிருந்தாள்.

"அண்ணே, மூணு பள்ளிக்கூடம் கட்டியும் இவனுக்கு இல்லேங்கிறாங்களே. நீங்க அங்கதான இருக்கீங்க. வயசெல்லாம் எழுதினது நீங்கதான?"

திருமேனி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். செவ்வந்தி கடிதத்தை மறுபடி படித்தாள்.

"அப்பா, இதுல பேரும் வயசும் மட்டும்தான இருக்கு?"

"ஆமாம்மா."

"வாசல்ல யாரு சரிபாப்பாங்க?"

"நான்தான்."

"அப்ப இதை எழிலன் எடுத்துட்டு வரட்டும். அஞ்சுன்னு போட்டிருக்கு. அவனுக்கு அஞ்சுதான்."

திருமேனி கடிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். வேலையில் அவர் ஓர் எழுத்தைக்கூடத் தாமாக மாற்றி எழுதியதில்லை.

"உனக்கு வந்த இடம்மா அது," என்றார்.

"எனக்கு அந்த பெஞ்சுல கால் நுழையாதுப்பா."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. "பதினாறு வருஷமா நான் எழுதினது அத்தனையும் பொய்தான்," என்றார். "இதாவது கொஞ்சம் நிஜத்துக்குப் பக்கத்துல இருக்கு."

அப்பாவும் மகளும் அந்த வாரம் முழுக்க வீடு வீடாகப் போனார்கள். சிலர் உடனே கடிதத்தைக் கொடுத்தார்கள். ஒரு கொத்தனார் மட்டும் தர மறுத்து, தானே போய்ப் படிக்கப்போவதாகச் சொன்னார். அதுவும் அவர் உரிமைதான் என்று திருமேனி எழுதிக்கொண்டார். ஒரு பெண் கடிதத்தை அடுத்த வீட்டுக் குழந்தையிடம் கொடுத்துவிட்டு, திரும்ப வாங்கி, இன்னொரு தடவை பார்த்துவிட்டுக் கொடுத்தாள்.

பள்ளி திறந்த அன்று வாசலில் மேசை போட்டுத் திருமேனி உட்கார்ந்தார். அருகே மேற்பார்வைக்கு ஓர் அதிகாரி. கடிதத்தில் வயது ஐந்து என்று இருந்தது. எதிரே நின்ற குழந்தைக்கும் ஐந்து வயதுதான் இருக்கும். தம் பணிக்காலத்தில் எழுத்தும் ஆளும் இப்படிப் பொருந்திப் பார்த்ததில்லை என்று அந்த அதிகாரி வியந்து, ஒவ்வொன்றாக முத்திரை குத்தினார்.

மணி அடித்தது. செவ்வந்தி தையல் கூடத்துக்குக் கிளம்பியவள், வகுப்புச் சன்னலுக்கு வெளியே சுவரோரம் நின்றாள். உள்ளே ஆசிரியை வருகைப் பதிவை விரித்துப் பெயர்களைக் கூப்பிட்டாள். குழந்தைகள் யோசித்து யோசித்துப் பதில் சொன்னார்கள்.

"செவ்வந்தி."

எழிலன் பராக்குப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"செவ்வந்தி வரலையா?"

பக்கத்துப் பையன் முழங்கையால் இடித்தான். எழிலன் திடுக்கிட்டு எழுந்து "உள்ளேன் டீச்சர்" என்றான். அதே நேரத்தில் சன்னலுக்கு வெளியிலிருந்தும் யாரோ மெல்லச் சொன்னதுபோல் கேட்டது. ஆசிரியை நிமிர்ந்து சன்னலைப் பார்த்தாள். பிறகு குனிந்து, அந்தப் பெயருக்கு நேரே, வந்ததாக ஒரு கோடு போட்டாள்.