பன்னிரண்டு ஸ்னாப்ஷாட் கொண்டான் போர்

அஞ்சா நெஞ்சினன், அறிவுரை கேளாச் செவியினன், விண்டோஸ் என்னும் சொல் காதில் விழினும் மூக்குச் சுளிக்கும் மானத்தினன், திண்டுக்கல் மாநகரில் கல்யாணப் பத்திரிகை அச்சிட்டு வயிறு வளர்க்கும் இனிகோ என்னும் ஏந்தலை முதற்கண் வணங்குவோம்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு, வைகாசித் திங்கள், முற்பகல். மகள் தீபாவின் பத்திரிகைக்காகச் சாணார்பட்டியிலிருந்து வந்த சோலைமலை கடையில் அமர்ந்திருந்தார். முந்தைய நாளே எழுத்துக் கோத்தாயிற்று, மாதிரித்தாள் ஒன்று எடுப்பதே பாக்கி. அதைப் பார்த்துச் சரியென்று சொல்ல வடமதுரைச் சம்பந்தி பேருந்து நிலையத்தில் நின்றிருந்தார். பன்னிரண்டு மணி வண்டிக்கு அவர் கிளம்பிவிடுவார்.

ஒற்றைப் பொத்தானை அழுத்தினால் முடிந்திருக்கும். அது வீரர்க்கு இழுக்கென்று கருதிய இனிகோ, திரை கனசதுரமாய்ச் சுழன்று சோலைமலையை மயக்க வேண்டுமென்னும் ஆசையால், விண்டோஸை விடுத்துத் தான் வரித்த லினக்ஸின் அடிவயிற்றில் கைவிட்டுக் குடலைக் கலக்கி, கணினியை அணைத்து எழுப்பினான். கார்முகில் நிகர்த்த கரிய திரையில் வெண்கோடு ஒன்றே கண்சிமிட்டிற்று.

“என்னப்பு, அணைஞ்சுபோச்சா?”

“கலங்காதீங்கய்யா! மிஷின் இருந்த இருப்ப அப்படியே பிடிச்சு, பன்னெண்டு ஸ்னாப்ஷாட் வச்சிருக்கேன். எதப் போட்டாலும் எந்திரிச்சு நிக்கும்!” என்று முழங்கினான் இனிகோ.

‘நல்லது’, ‘ரொம்ப நல்லது’, ‘கடைசி’, ‘கடைசியோ கடைசி’ எனப் பட்டம் சூடிய அப்பெரும்படை ஒவ்வொன்றாய்க் களம் புகுந்தது. முதலாவதில் தமிழெழுத்தெல்லாம் வெறுங்கட்டங்களாய் வீழ்ந்தன. அடுத்ததற்கு அச்சுப்பொறி யாரென்றே தெரியவில்லை. மூன்றாவதில் மவுஸ் மாண்டது; ஏனையவையும் இவ்வாறே மடிந்தன. மணி பதினொன்றே முக்கால். சோலைமலை செருப்பை மாட்டினார். எதிர்க்கடை விண்டோஸ்காரன் எட்டிப் பார்ப்பதைக் கண்ட இனிகோ திரையை முதுகால் மறைத்தான்.

உறைகளை மடித்துக்கொண்டிருந்த மனைவி மரியசெல்வி தலை தூக்கினாள்.

“நோண்டிக் கெடுத்த பெறகுதான அம்புட்டையும் எடுத்திருக்கீங்க? நேத்து நல்லா ஓடுறப்ப நான் ஒண்ணு எடுத்தேன். வெறும் தேதிதான் போட்டிருக்கும். அதப் போடுங்க.”

பட்டமில்லாத அப்பதின்மூன்றாவது, ஆரவாரமின்றி ஆறே நிமிடத்தில் கணினியை எழுப்பியது. பத்திரிகையும் அலுங்காமல் இருந்தது. வாகை முழுதும் தனதேயென்று தோள் விம்ம, முரசென அச்சுப்பொறி அதிர, எதிர்க்கடையை ஏளனமாய் நோக்கி, வெற்றிக்கொடி நீட்டும் வேந்தனெனத் தாளை நீட்டினான் இனிகோ.

வாங்கிப் பார்த்த சோலைமலை, “மாப்ள பேர்ல கால் விட்டுப்போச்சு அப்பு, முகேஷ்குமர்னு இருக்கு” என்றார்.