நாற்பத்தைந்து வயது டிரைவர்

குறையே இல்லாத திட்டம் ஒன்றை என் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் போட்டிருக்கிறேன். இத்தாலி, சுவிட்சர்லாந்து, லிச்சென்ஸ்டைன், ஆஸ்திரியா, ஜெர்மனி என்று ஐந்து நாடுகள். மூன்று ஆட்கள், ஏழு பொதிகள், நிமிடக் கணக்கில் ஓர் அட்டவணை. அதைப் பார்த்த தோழி ஒருத்தி, "ஆமிக்காரங்ககூட இதைவிட இளக்கமா இருப்பாங்க" என்றாள். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். (அந்த வயதில் எதைச் சொன்னாலும் பாராட்டாகத்தான் கேட்கும். மூன்று வருடத்துக்கு முந்திய வயதைச் சொல்கிறேன்.)

பயணத்துக்குக் காரணம் ருஸ்னாவின் நிக்காஹ். ருஸ்னா என் சாச்சாவின் ஒரே பிள்ளை. சாச்சா என்றால் வாப்பாவின் தம்பி. புத்தளத்திலிருந்து ஜெர்மனிக்குப் போய், உல்ம் நகரத்துக்குப் பக்கத்தில் குடியேறி, அங்கேயே நோயில் மௌத்தானவர். அதற்கு முந்திய வாரம் வீடியோ கோலில் வாப்பாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "காக்கா, பிள்ளையை நீங்க நேர்ல வந்து கையில புடிச்சுக் குடுக்கணும்." வாப்பா ஓம் என்றார்.

நிக்காஹ்வில் பெண்ணின் பக்கத்திலிருந்து வலி என்று ஒருவர் உட்கார்ந்து, மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, இன்னாரை உனக்கு மணமுடித்துத் தந்தேன் என்று சொல்லவேண்டும். தகப்பனும் இல்லை, சகோதரனும் இல்லை என்றால் அந்தப் பொறுப்பு பெரியவாப்பாவுக்கு வரும். அதாவது என் வாப்பாவுக்கு. சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு நிக்காஹ். மூன்றரைக்கு மௌலவி வேறோர் ஊரில் இன்னொரு நிக்காஹ்வுக்குப் புறப்பட்டுவிடுவார்.

"நேரா ஜெர்மனியில இறங்கினா என்ன மகள்?" என்று வாப்பா கேட்டார்தான்.

"மிலானுக்கு டிக்கெட் மலிவு வாப்பா. போற வழியில நாலு நாடும் பாக்கலாம். எல்லாத்தையும் என்ட கையில விடுங்க."

விட்டார். விடக் காரணமும் இருந்தது. கற்பிட்டிக் கடற்கரையில், காற்றாடி கட்டிக்கொண்டு அலையில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றில் எனக்கு வேலை. வில்பத்துவுக்கு ஜீப், சீகிரியாவுக்கு வேன், விமான நிலையத்துக்குக் கார் என்று ஒரு நாளைக்குப் பத்து ஹயர் போட்டுக் கொடுப்பேன். வாகனம் பிடிப்பதில் புத்தளம் மாவட்டத்திலேயே என்னை விஞ்ச ஆள் கிடையாது என்பது என்னுடைய அபிப்பிராயம். (வேறு யாருடைய அபிப்பிராயமும் அல்ல.)

ஆகவே கடைசிக் கட்டத்தை மிக அழகாக அமைத்தேன். மிலானிலிருந்து சூரிச் வரை ரயில். சூரிச்சிலிருந்து நிக்காஹ் மண்டபம் வரை வாடகைக் கார். சனிக்கிழமை காலை ஒன்பதுக்குப் புறப்பட்டால் லிச்சென்ஸ்டைனில் தேநீர், ஆஸ்திரியாவில் ஏரிக்கரை, ஒன்றரைக்கு மண்டபம்.

காரை இணையத்தில் பதிவு செய்தபோது ஐரோப்பியர்களின் சேவையை நினைத்து எனக்குப் புல்லரித்தது. டிரைவரின் வயது என்ன என்று படிவம் கேட்டது. எங்கள் விடுதியில்கூட இப்படிக் கேட்பதில்லை! இளம் பொடியன்கள் பறப்பார்கள், வயதானவர்கள் தூங்கிவிடுவார்கள் என்று யோசித்து நாற்பத்தைந்து என்று போட்டேன். மேலதிக டிரைவர் வேண்டுமா என்று கேட்டது. குறுகிய தூரம்தானே, ஒருவர் போதும் என்றேன். வழிகாட்டும் கருவி வேண்டுமா என்றது. டிரைவருக்குப் பாதை தெரியாதா என்ன, வேண்டாம். வாகனத்தை வேறு நாட்டில் விடுவதால் மேலதிகக் கட்டணம் என்றது. அந்த மனுசன் வெறும் வண்டியோடு திரும்பிப் போகவேண்டுமே, நியாயம்தான் என்று தலையாட்டினேன். டிரைவர் தன் லைசென்ஸைக் கவுண்டரில் காட்டவேண்டும் என்று கடைசியில் எழுதியிருந்தது. ஆட்களைச் சோதித்துத்தான் அனுப்புகிறார்கள் என்று உம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

உம்மாவுக்கு ஒரே ஒரு கவலைதான். "வெள்ளிக்கிழமை ராவைக்கே வந்துட்டா டிரைவர் எங்க படுப்பார்?"

நல்ல கேள்வி. எங்கள் விடுதியில் டிரைவர்மாருக்குத் தனி அறை உண்டு. சூரிச்சில் நாங்கள் எடுத்திருந்த வீட்டின் சொந்தக்காரிக்கு எழுதிக் கேட்டேன். "நீங்கள் வாகனம் நிறுத்தும் இடத்தைக் கேட்கிறீர்களா?" என்று பதில் வந்தது. பாவம், அந்தப் பெண்ணுக்கு விளக்கம் குறைவு என்று நினைத்துக்கொண்டேன்.

மிலானில் இறங்கியது முதல் சூரிச் வந்து சேர்ந்தது வரை எல்லாம் என் அட்டவணைப்படியே நடந்தது. ஏரிகளுக்கு மேலால் ரயில் போனபோது வாப்பா கண்ணாடியில் நெற்றியை ஒட்டி வைத்துக்கொண்டு, "இவ்வளவு தண்ணி இருந்தும் ஒருத்தனும் உப்பு விளைவிக்கல்லியே" என்றார். (வாப்பாவுக்குப் புத்தளத்தில் உப்பளம். உலகத்தை அவர் அளப்பது அப்படித்தான்.) "நல்லாத்தான் செஞ்சிருக்கிறாய் மகள்" என்றும் சொன்னார். எனக்கு ஓர் அங்குலம் உயரம் கூடியது.

சனிக்கிழமை காலை உம்மா எழுந்து சோறும் மாசிச் சம்பலும் முட்டையும் வைத்து நான்கு பார்சல் கட்டினார். எங்களுக்கு மூன்று, டிரைவருக்கு ஒன்று. ஒன்பது மணிக்கு, ரயில் நிலையத்துக்குப் பின் தெருவிலிருந்த வாடகைக் கார் அலுவலகத்தின் முன்னால் ஏழு பொதிகளோடு நின்றோம். ஏழில் ஒன்று, ருஸ்னாவின் உம்மா, அதாவது என் சாச்சி, சொல்லியனுப்பி நாங்கள் கொண்டுவந்த ஐந்து சவன்கள். ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டுகள் அவை. அரிசிச் சாக்கில் போட்டுத் தைத்திருந்தோம். அசைத்தால் கோயில் மணி, பள்ளிக்கூட மணி இரண்டும் சேர்ந்து அடித்தது போலிருக்கும்.

கவுண்டரில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே சாவியை நீட்டினாள். "யார் ஓட்டுகிறீர்கள்?"

"உங்கள் டிரைவர்."

"எங்கள் டிரைவரா?"

"நாற்பத்தைந்து வயது" என்று ஞாபகப்படுத்தினேன்.

அவள் கணினியைப் பார்த்தாள். பிறகு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். எனக்கு இருபத்து மூன்று, உம்மாவுக்கு ஐம்பத்திரண்டு, வாப்பாவுக்கு அறுபத்தொன்று. நாற்பத்தைந்தை எங்கே ஒளித்து வைத்திருக்கிறோம் என்று தேடுவது போல சாக்கு மூட்டையையும் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மிக மெதுவாக, சிறு பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னாள். அவர்கள் காரை மட்டும்தான் கொடுப்பார்கள். ஓட்டுவது எடுப்பவரின் வேலை. இந்த உலகம் முழுவதும் அப்படித்தான்.

(உலகம் முழுவதும் என்றால்? கற்பிட்டி உலகத்தில் இல்லையா?)

நான் திரும்பினேன். பக்கத்தில் உம்மா, நான்காவது பார்சலைக் கையில் வைத்துக்கொண்டு, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டிரைவர் வாராராமா?"

"டிரைவர் இல்லையாம் உம்மா."

"சுகமில்லையாமா?"

விசயத்தைச் சொன்னேன். என் வாழ்நாளில் நான் பேசிய மிகச் சிறிய பேச்சு அது. வாப்பா பிறகு சாவியைப் பார்த்தார். "நான் டிராக்டர் ஓடினவன்தானே."

"நீங்க வாய்க்காலுக்குள்ள உட்ட டிராக்டர் இன்னும் அங்கதான் கிடக்குது" என்றார் உம்மா. அத்தோடு அந்தக் கதை முடிந்தது.

இனி ரயில்தான். சாமான்களை இழுத்துக்கொண்டு ஓடினோம். நாங்கள் மேடைக்கு வந்து சேரவும், ஜெர்மன் எல்லையிலுள்ள லின்டாவ் போகும் ரயிலின் கடைசிப் பெட்டி எங்களைக் கடந்து போகவும் சரியாக இருந்தது. அடுத்தது பதினொன்றரைக்கு. அதில் போய், லின்டாவில் இறங்கி, வேறு ரயில்கள் மாறி, மண்டபத்துக்கு வந்து சேர நான்கு மணி ஆகிவிடும். மௌலவி போவது மூன்றரைக்கு.

சாச்சிக்குப் போன் எடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அழாத சிப்னா" என்றார் சாச்சி. (நான் அழவில்லை. மூக்கு மட்டும்தான் அடைத்திருந்தது.) "மௌலவியிட்ட கேட்டேன். காக்கா போன்லேயே வேற ஆளுக்குப் பொறுப்புக் குடுக்கலாமாம். மார்க்கத்துல இடமிருக்காம்."

வாப்பா போனை என் கையிலிருந்து வாங்கினார். "மார்க்கத்துல இடமிருக்கும் தங்கச்சி. போன்ல நான் உப்பு வித்திருக்கேன், பிள்ளையைக் குடுக்க ஏலாது. தம்பிக்கு நான் சொன்ன சொல் வேற."

பிறகு சாச்சி சொன்னார்: "வாகனம் எல்லாம் சாப்பாடு எடுக்கப் போயிட்டுது. நான் பாக்கிறேன். லின்டாவுல இறங்கி நில்லுங்க. யாரையாவது அனுப்புறேன்."

பதினொன்றரை ரயிலில் வாப்பா ஒரு முறைகூட வெளியே பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தை மட்டும் பார்த்தார். ஒவ்வொரு வளைவிலும் சவன்கள் அடித்தன. ஒவ்வோர் அடிக்கும் பெட்டியிலிருந்தவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆஸ்திரியாவுக்கு நான் ஒன்றரை மணித்தியாலம் ஒதுக்கியிருந்தேன். கிடைத்தது பத்தோ பன்னிரண்டோ நிமிடம். அதிலும் பாதி, ஒரு சுவர்.

லின்டாவ் நிலையத்தின் வாசலில் ஓர் இளைஞன், கறுப்பு கோட்டு சூட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக, கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். எங்களைக் கண்டதும் ஓடிவந்து மூட்டைகளைத் தூக்கினான். "அஸ்ஸலாமு அலைக்கும் மாமா. ஏறுங்க, நேரமில்லை."

"வஅலைக்கும் ஸலாம். டிரைவர்மாருக்கு இங்க சூட்டா" என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே வாப்பா முன்னால் ஏறினார். பின் சீட்டில் உம்மா, அவருக்குப் பக்கத்தில் சவன்கள், சவன்களுக்கு அடியில் நான். நெடுஞ்சாலையில் ஏறியதும் அவன் கண்ணாடியைக் கழற்றினான். பின்பார்க்கும் கண்ணாடியில் அந்தக் கண்களைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அது அஸ்மி. மாப்பிள்ளை.

நான் ருஸ்னாவோடு வீடியோ கோலில் கண்டிருக்கிறேன். வாப்பா அவரைத் தாடியும் தொப்பியுமாக ஒரு போட்டோவில் கண்டதோடு சரி. தாடி இப்போது இல்லை. தவிர, நிக்காஹ்வுக்கு ஒரு மணித்தியாலம் இருக்கையில் மாப்பிள்ளை ரயில் நிலையத்தில் மூட்டை தூக்குவார் என்று எந்த வலி எதிர்பார்ப்பார்? நான் வாயைத் திறந்தேன். பின்பார்க்கும் கண்ணாடியில் அவர் கண் லேசாக அசைந்தது. சொல்லாதே என்று அர்த்தம். அன்றைக்கு என் பேச்சுக்கு ஏற்கெனவே மதிப்பில்லை, மூடிக்கொண்டேன்.

உம்மா நான்காவது பார்சலை முன்னுக்கு நீட்டினார். "சாப்பிடுங்க மகன். உங்களுக்குக் கட்டினதுதான்."

"பொறகு சாப்பிடுறேன் மாமி."

"நல்ல பொடியன். தமிழும் தெரியுது" என்றார் வாப்பா. கொஞ்சத் தூரம் போனதும் குரலைத் தாழ்த்தினார். "தம்பி, இந்த ஊர் ஆள்ங்கிற முறையில கேக்கிறேன். இந்த மாப்பிள்ளைப் பொடியன் எப்படி?"

கார் ஒரு கணம் லேசாக ஆடியது போலிருந்தது. "பரவாயில்லைன்னு சொல்லுறாங்க."

"பரவாயில்லைன்னா? தொழுகை இருக்கா?"

"இருக்கு. சுபஹுக்குத்தான் சில நாள் பிந்தும்."

"கோவக்காரனா?"

"பசி வந்தா கொஞ்சம்."

"புள்ளைக்குத் தகப்பன் இல்ல தம்பி. கேக்க ஆள் இல்லைன்னு அவன் நினைச்சிட்டா?"

அஸ்மி பாதையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அப்படி நினைச்சா, பிள்ளைக்கு நீங்க இருக்கிறீங்கன்னு நான் அவருக்குச் சொல்லுறேன் மாமா."

வாப்பா திருப்திப்பட்டு, "கொஞ்சம் மெதுவா போங்க" என்றார். அஸ்மி மெதுவாகப் போகவில்லை.

இரண்டு நாற்பதுக்கு மண்டபம். மௌலவி வாசலிலேயே நின்றார். வாப்பா இறங்கி, அஸ்மியின் தோளில் தட்டி, "நீங்களும் இருந்து சாப்பிட்டுத்தான் போகணும் தம்பி" என்றார். எங்கள் ஊரில் எந்தக் கலியாணத்திலும் டிரைவரைப் பசியோடு அனுப்ப மாட்டார்கள்.

"ஓம் மாமா. நான் எப்படியும் உள்ள வரத்தான் வேணும்."

வாப்பா மௌலவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மாப்பிள்ளையை அழைத்தார்கள். டிரைவர் வந்து எதிரே உட்கார்ந்தார். கையை நீட்டினார்.

வாப்பா அந்தக் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பெண்கள் பக்கத்துத் திரை இடைவெளியில் நின்ற என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை. பிறகு கையை இறுகப் பிடித்தார். மௌலவி சொல்லிக் கொடுத்ததைத் திருப்பிச் சொன்னார். என் தம்பியின் மகள் என்ற இடத்தில் குரல் நின்றது. மண்டபமே காத்திருந்தது. மறுபடியும் தொடங்கி, முழுவதையும் சொல்லி முடித்தார். மூன்றரைக்கு முன்பே துஆவும் முடிந்தது.

சவனில் கைவைக்கும் நேரம் சாச்சி மன்னிப்புக் கேட்கும் தொனியில் எதையோ தொடங்க, வாப்பா நிறுத்தினார். "என்னத்துக்குத் தங்கச்சி? உலகத்துல எந்த வலிக்கு இது கிடைக்கும்? ஒரு மணித்தியாலம் பக்கத்துல வச்சு, தப்பி ஓட ஏலாம, எல்லாம் விசாரிச்சிட்டுத்தான் குடுத்திருக்கேன்."

ஊருக்கு வந்த பிறகு அது அப்படியே வரலாறாகிவிட்டது. வாப்பா திட்டம் போட்டே மாப்பிள்ளையை வரவழைத்தார் என்று புத்தளத்தில் பாதிப் பேர் நம்புகிறார்கள். என் பெயர் அதில் எங்கும் வராது. அது எனக்கு வசதிதான். எங்கள் குடும்பத்தில் அதற்குப் பிறகு மூன்று நிக்காஹ்கள் நடந்துவிட்டன. மூன்றிலும் மாப்பிள்ளைதான் தானே வாகனம் ஓடிப் போய், வலியை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு வந்தார். வண்ணாத்திவில்லு மாப்பிள்ளை ஒருவர் வேர்த்து விறுவிறுத்து இறங்கியதை நானே கண்டேன். இது சுன்னத்தா, நபி காட்டிய வழியா என்று ஒருவர் மௌலவியிடம் போய்க் கேட்டிருக்கிறார். இல்லை, ஆனால் தடுக்கவும் காரணமில்லை என்றாராம்.

இப்போது என் முறை. தரகர் போன மாதம் ஒரு வரன் கொண்டுவந்தார். படித்தவர், நல்ல குடும்பம், நல்ல தொழில். வாப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வாகனம் ஓடுவாரா?" என்றார். இல்லை என்றார் தரகர். வாப்பா உதட்டைப் பிதுக்கினார்.

உம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "நம்மட வீட்டுலருந்து பள்ளிவாசலுக்கு எட்டு வீடு. நிக்காஹ்வுக்கு நடந்து போனா என்ன?"

"நடந்து போனா ரெண்டு கேள்விதான் கேக்கலாம்" என்றார் வாப்பா.