தவளைக்குப் பண்ணை வைத்தியம்

முப்பதாயிரம் கோழி வளர்ப்பவனுக்கு ஒரே ஒரு தவளையை இரண்டு நாள் பார்த்துக்கொள்ளத் தெரியாதா? தெரியாது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு மூன்று வருடம் பிடித்தது.

என் மனைவி விலங்கியல் ஆசிரியை. எங்கள் பண்ணையில் கால் நசுங்கிக் கிடந்த தவளையை எடுத்துவந்து, கண்ணாடித் தொட்டியில் வைத்துத் தேற்றிக்கொண்டிருந்தாள். விடைத்தாள் திருத்த சேலம் கிளம்பும்போது சொன்னாள்: “மீனுகளக் கொன்ன மாதிரி இதையும் கொன்னுப்போடாதீங்க. நான் வாரப்ப இது உசுரோட இருக்கோணும்.” (மீன்கள் விஷயத்தில் என்மேல் தப்பில்லை. பசிக்குமே என்று கொஞ்சம் தாராளமாகத் தீனி போட்டேன், அவ்வளவுதான்.)

மறுநாள் காலை தொட்டியை எட்டிப் பார்த்தேன். தவளை வாயைப் பிளந்து பிளந்து மூடியது. கண்கள் உள்ளே போய் வந்தன. உடம்பை முறுக்கியது. தோல் நனைந்த பாலிதீன் பை மாதிரி கழன்று தொங்கியது. கோழி கழுத்தை முறுக்கினால் எங்கள் தொழிலில் முதலில் நினைவுக்கு வருவது வெள்ளைக்கழிச்சல் என்கிற கொள்ளைநோய். (தவளைக்குக் கழுத்து எங்கே இருக்கிறது என்று அப்போது தோன்றவில்லை.)

நோய் கண்டால் மற்றவற்றைப் பிரித்து வைக்க வேண்டும். இங்கே பிரித்து வைக்க இன்னொரு தவளை இல்லை. குழம்பிப்போய் நானே வெளியே போய் வாசலில் நின்றேன். நின்று என்ன பயன் என்று திரும்பி வந்து, தொட்டித் தண்ணீரில் கோழி வைட்டமின் நாலு சொட்டு விட்டேன். கொஞ்ச நேரம் பார்த்தேன். முறுக்கல் நிற்கவில்லை. தவளையைக் குஞ்சுப் பெட்டியில் போட்டுக்கொண்டு நாமக்கல் கோழி டாக்டரிடம் ஓடினேன்.

அங்கே ஆளுக்கு நாலு செத்த கோழியோடு வரிசை. என் முறை வந்தது. டாக்டர் நிமிராமலே கேட்டார்.

“எத்தனையில எத்தனை போச்சுங்க?”

“ஒன்னுல ஒன்னுங்க. இன்னும் போகலைங்க.”

“போனப்புறம் கொண்டாங்க. அறுத்துப் பாத்துச் சொல்றேன்.”

“அது போச்சுன்னா நானும் போயிருவேனுங்க டாக்டர்! ஊட்டுக்காரி வளக்கறதுங்க!”

பெட்டியைத் திறந்தார். தவளை தன் தோலைத் தலைவழியே உருவி, முன்கால்களால் வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தது.

“ஐயோ, தன்னையே திங்குதுங்க!” என்று அலறினேன். கோழி கோழியைக் கொத்தித் தின்றால் நாங்கள் மூக்கு வெட்டுவோம். “மூக்க வெட்டிப்போடலாமுங்களா?”

டாக்டர் தவளையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இருவரில் நோயாளி யார் என்று அவருக்கும் குழப்பம். “ஊட்டுக்காரம்மாவுக்குப் போனப் போடுங்க” என்றார்.

போட்டு, அது செய்வதைச் சொன்னேன்.

“அது மேல்தோல் உரிக்குதுங்க. உரிச்சதத் தின்னுக்கும். சீக்கெல்லாம் இல்ல. நீங்க ஒன்னும் பண்ணலியே?”

“சும்மா... நாலு சொட்டு வைட்டமின்.”

அவள் போட்ட சத்தம் வரிசைக்கே கேட்டது.

“அது தோல்லதான் தண்ணி குடிக்கும்! மொதல்ல நல்ல தண்ணியில கழுவுங்க!”

டாக்டர் வீட்டுக் கிணற்றடியில் தவளையைக் குளிப்பாட்டினேன். வரிசை மொத்தமும், கையில் செத்த கோழியோடு, சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது.

தவளை பிழைத்தது. கால் ஆறி வாய்க்காலுக்கும் போய்விட்டது. மாட்டிக்கொண்டவன் நான்தான். பண்ணையிலிருந்து வந்து பனியனைத் தலைவழியே கழற்றும்போதெல்லாம், இன்றும் சமையலறையிலிருந்து குரல் வருகிறது:

“ஏனுங்க, அதக் கொடியில போடுங்க. தின்னுப்போடாதீங்க!”