ஊட்டி அண்ணன் காட்டிய ஏரி

குளிரைப் பற்றி எங்கள் ஏசி மெக்கானிக் அண்ணனுக்குத் தெரிந்ததில் பாதிகூட ஒரு பனிக்கரடிக்குத் தெரிந்திருக்காது. "குளிரைப் பத்தி எனக்கே பாடம் எடுக்குறீகளா? குளிரை உண்டாக்குறதே நான்தானப்பா!" என்பார். ராமநாதபுரத்துக்காரர். எப்போதோ மூன்று நாள் ஊட்டியில் இருந்தாராம். அந்த மூன்று நாளை வைத்துக்கொண்டு மஸ்கட் ரூவியில் மூன்று வருடம் பேசினார். கம்பெனியில் அவருக்குப் பெயரே ஊட்டி அண்ணன்.

ஓர் ஆகஸ்டில் அவரையும், என்னையும், யாழ்ப்பாணத்து டிராஃப்ட்ஸ்மேன் சிவத்தையும் ஓமனின் தெற்கே உள்ள சலாலாவுக்கு சைட் வேலையாக அனுப்பினார்கள். வளைகுடா முழுக்க வறுபட்டுக்கொண்டிருக்க, அங்கே மட்டும் சாரல், மூடுபனி, பச்சை மலை. மலைக்கு மேலே ஏரி ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். "வெள்ளிக்கிழமை ஒரு கைடு பிடிச்சு நடந்து போவோமா?" என்று கேட்டேன்.

"கைடா? அப்ப நான் எதுக்கு?" என்றார் அண்ணன்.

காலையில் அவர் வந்து நின்ற கோலத்தைப் பார்க்க வேண்டுமே! மங்கி குல்லா, இரண்டு ஸ்வெட்டர், அதன்மேல் மஞ்சள் ரெயின்கோட், கழுத்தில் விசில்.

"ஒரு விசில் அடிச்சா நிக்கணும். ரெண்டு அடிச்சா நடக்கணும்."

"மூண்டு அடிச்சா?" என்றான் சிவம்.

"நான் விழுந்துட்டேன்னு அர்த்தம்."

முதல் கால் மணி நேரத்திலேயே மூன்று விசில் நான்கு தடவை கேட்டது. அவ்வளவு சேறு.

மேலே போகப் போக, நீட்டிய கை தெரியாத மூட்டம். திடீரென்று ஒரு விசில். நின்றோம். "அந்தா, உள்ளூர்க்காரர் ஒருத்தர் நிக்கிறாரு. வழி கேட்போம்." உயரமான உருவம்தான். அண்ணன் நெஞ்சில் கைவைத்து சலாம் சொல்லி, அரபியும் இந்தியும் கலந்து ஏரிக்கு வழி கேட்டார். பதில் இல்லை. நெருங்கிப் போய் மறுபடி கேட்டார். உருவம் கழுத்தை வளைத்து அவருடைய குல்லாவைக் கவ்வியது. ஒட்டகம்.

"அதுக்கு இந்தி தெரியல" என்றார் திரும்பி வந்து. குல்லாவின் குஞ்சத்தைக் காணோம்.

இன்னும் ஒரு மணி நேரம் நடந்தோம். சிவம் மெல்ல ஆரம்பித்தான். "அண்ணை, இந்தப் பாறையடிக்கு நாங்கள் மூண்டாந்தரம் வாறம்."

"இது வேற பாறை."

"நான் போட்ட பிஸ்கட் பேப்பர் கிடக்குது, அண்ணை."

அதைச் சுட்டிக்காட்டக் கையை நீட்டியவன் அப்படியே வழுக்கி விழுந்தான். கணுக்கால் சுளுக்கி, பார்க்கப் பார்க்க வீங்கியது. காலை ஊன்ற முடியவில்லை. சாரலில் தொப்பலாக நனைந்து அவனுக்குப் பல் கிட்டியது. என் செல்போனில் சிக்னல் இல்லை. பாம்பு விளையாட்டு மட்டும் இருந்தது. எனக்கு உள்ளுக்குள் பயம் வந்துவிட்டது.

அண்ணன் சேற்றிலேயே உட்கார்ந்தார். "தம்பிகளா, எனக்கு வழி தெரியாதுப்பா. ஊட்டியில கூட நான் ரூமை விட்டு வெளிய போகல. அம்புட்டுக் குளிரு."

வலியிலும் சிவத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரித்து முடிப்பதற்குள் அண்ணன் ரெயின்கோட்டையும் இரண்டு ஸ்வெட்டரையும் கழற்றி அவனுக்கு மாட்டினார். வெறும் பனியனோடு குனிந்து அவனை முதுகில் ஏற்றிக்கொண்டார்.

"அண்ணை, நான் பாரம்."

"எத்தனை ஏசிய மாடிக்குத் தூக்கியிருக்கேன்! நீ ஒன்றரை டன்னுகூட இல்ல, பேசாம வா."

பத்தடி வைத்திருப்பார். காற்றடித்து மூட்டம் விலகியது. காலடியில் ஏரி! காலையிலிருந்து அதன் கரைமேட்டைத்தான் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறோம். எதிர்க்கரை வரை தார் ரோடு. காரில் வந்த குடும்பங்கள் நிம்மதியாகக் கறி சுட்டுக்கொண்டிருந்தன.

"கொண்டாந்து சேர்த்தேனா இல்லையா?" என்றார் அண்ணன், நடுங்கிக்கொண்டே.

அந்தக் குடும்பங்களில் ஒன்று எங்களைக் காரில் ஏற்றி ரூமில் விட்டது. அண்ணனுக்கு நான்கு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் எழுந்து உட்கார்ந்து, "பக்கத்து மலையில ஒரு அருவி இருக்காம்ப்பா" என்றார்.

நான் வாயைத் திறக்குமுன், காலில் கட்டோடு நொண்டிக்கொண்டே போய், சிவம் கூடவே கிளம்பத் தன் செருப்பைத் தேடினான்.