சூசையப்பரும் பதின்மூன்று கோடுகளும்

"கொடியில எத்தனை கோடு?" என்று கிட்டுசாமி இரண்டாம் முறையாகக் கேட்டார்.

தனபாக்கியம் கண்களை மூடிக்கொண்டார். உதடுகள் அசைந்தன, குரல் வரவில்லை. அடுப்பில் ரசம் நுரை கட்டி எழுந்தது. கிட்டுசாமியே எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அமர்ந்தார்.

"பதிமூணுங்க," என்றார் தனபாக்கியம்.

"ரசம் பொங்கி அடங்கியே போச்சு. இத்தன நேரம் என்ன பண்ணீட்டு இருந்தே அம்மிணி?"

"மொதல் கேள்வியில இருந்து வந்தேனுங்க. நடுவுல புடிச்சா வரமாட்டேங்குது."

குறை அவ்வளவுதான். நூறு கேள்விகளையும் நூறு விடைகளையும் தனபாக்கியம் ஓர் எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்திருந்தார். ஆனால், வரிசையாக மட்டுமே செய்திருந்தார். கொடியைப் பற்றிய கேள்விகள் அந்தத் தாளில் எழுபதாம் எண்ணுக்கு மேல் இருந்தன. 1998 ஆகஸ்ட் மாதம் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள குடியுரிமை அலுவலகத்தில் ஓர் இளம் அதிகாரி முதல் கேள்வியாகக் கொடியின் கோடுகளைக் கேட்டார். தனபாக்கியம் ஒன்றாம் எண்ணிலிருந்து மனத்திற்குள் புறப்பட்டார். முப்பதாம் எண்ணை எட்டுவதற்குள் அதிகாரி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். பத்துக் கேள்விகள் இப்படியே கழிந்தன. அவருக்கு விடை தெரியவில்லை என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு இருந்தது. நவம்பர் பதினேழாம் தேதி. அதிலும் தவறினால் புதிதாக விண்ணப்பித்து, 2000ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டும்.

காத்திருக்க முடியாத காரணம் ஈரோட்டில் படுக்கையில் இருந்தது. தனபாக்கியத்தின் தாயார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டிருந்தார். தை மாதம் வரை பார்த்துக்கொள்ள உறவுப்பெண் ஒருத்தி இருந்தாள், அதன்பின் யாருமில்லை. அம்மாவுடன் ஓரிரு ஆண்டுகள் தங்க வேண்டும். கிரீன் கார்டு வைத்திருப்பவர் ஓராண்டுக்கு மேல் வெளியே தங்கினால் திரும்பி வரும் உரிமையை இழக்கலாம். சான் பிரான்சிஸ்கோவுக்கு அருகே பிளசன்டனில் கணவர் கிட்டுசாமியும் பள்ளியில் படிக்கும் மகளும் இருந்தனர். ஆகவே, ஈரோட்டில் போய் இருப்பதற்காகத் தனபாக்கியம் அமெரிக்கராக வேண்டியிருந்தது.

"சிவராமகிருஷ்ணன் சாருகிட்டயே போயிரலாம்," என்றார் கிட்டுசாமி.

சிவராமகிருஷ்ணன் இரண்டு தெரு தள்ளி வசித்தார். பகலில் மென்பொருள் நிறுவனமொன்றில் பிழை கண்டுபிடிப்பது அவருடைய உத்தியோகம். சனிக்கிழமைகளில் தம் வீட்டுக் கார் நிறுத்தும் கேரேஜில் குடியுரிமைத் தேர்வுக்கு ட்யூஷன் நடத்தினார். கட்டணம் கிடையாது, தாமதமாக வந்தால் அனுமதியும் கிடையாது. தேர்வு எழுதித் திரும்பும் ஒவ்வொருவரையும் அன்று மாலையே வரவழைத்து, என்ன கேட்டார்கள் என்று விசாரித்து, தேதியிட்டு, ஒரு தடித்த கோப்பில் பதிந்துவைத்தார். ஊரில் பொதுத்தேர்வுக்குப் பழைய வினாத்தாள் திரட்டிப் படித்த தலைமுறைக்கு அந்தக் கோப்பின் அருமை தெரிந்திருந்தது. பிளசன்டன் தமிழர்களில் அதன் நகல் இல்லாத வீடு இல்லை.

அவர் தனபாக்கியத்தின் குறையை அமைதியாகக் கேட்டார்.

"வரிசையை உடைக்கணும். அவ்வளவுதான். நூறு அட்டை எழுதுங்கோ. சீட்டுக்கட்டு மாதிரி கலைச்சுக் கலைச்சுப் படியுங்கோ."

தனபாக்கியம் எழுதினார்; கலைத்தார்; படித்தார். பத்தே நாளில் எந்த அட்டையை நீட்டினாலும் உடனே விடை வந்தது. கிட்டுசாமி மகிழ்ந்துபோய், அழுக்கேறிய அட்டைகளை அலுவலகத்தில் புதிதாக அச்சடித்துக் கொண்டுவந்தார். அன்றோடு எல்லாம் போயிற்று.

"மஞ்சக் கறை இருந்த அட்டை உச்ச நீதிமன்றமுங்க. முனை மடிஞ்சது ஜனாதிபதி. எல்லாத்தயும் வெள்ளையா கொண்டாந்து வெச்சா நான் எதைப் பார்த்துச் சொல்றதுங்க?"

அடுத்த யோசனை கிட்டுசாமியுடையது. சமையலறை அலமாரியில் எந்த டப்பா எங்கே இருக்கிறதென்று அவர் மனைவிக்குக் கண்ணைக் கட்டினாலும் தெரியும். ஆகவே ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு விடையை ஒட்டினார். துவரம்பருப்பில் ஐம்பது நட்சத்திரங்கள். கொத்தமல்லியில் ஜூலை நான்கு. சர்க்கரையில் நூறு செனட்டர்கள். உப்பில் ஒன்பது நீதிபதிகள். பழைய பெயர்ச்சீட்டுகள் புதியவற்றின் அடியில் மறைந்தன.

முன்னேற்றத்தைப் பார்வையிட சிவராமகிருஷ்ணன் வந்தபோது, தனபாக்கியம் அலமாரியின் எதிரே நின்று தடையின்றி விடை சொன்னார். கிட்டுசாமி காப்பி கலந்து கொடுத்தார். சிவராமகிருஷ்ணன் ஒரு வாய் அருந்தி, சற்று நேரம் ஜன்னலையே பார்த்திருந்தார். பிறகு முழுவதையும் குடித்துமுடித்து, டம்ளரைக் கீழே வைத்தார்.

"நீதிபதிகளைப் போட்டுட்டேள்," என்றார்.

பிறகு தனபாக்கியத்தை அலமாரிக்கு முதுகு காட்டி உட்காரச் சொல்லி, அதே கேள்விகளைக் கேட்டார். ஒன்றுக்கும் விடை வரவில்லை.

"ஏனுங்க சார், நாலஞ்சு டப்பாவக் கையில கொண்டுபோனா உள்ள விடுவாங்களா?"

சிவராமகிருஷ்ணன் கோப்பைத் திறந்தார். தேர்வுக்கு மூன்று வாரங்கள் இருந்தன. இதைவிடப் பெரிய விஷயம் ஒன்றை அவர் சொல்லியாக வேண்டும்.

"அந்த ஆபீஸ்ல தடிமனாக் கண்ணாடி போட்டுண்டு ஒரு அம்மா இருக்கா. நம்ம மனுஷா இதுவரைக்கும் எட்டுப் பேர் அவகிட்ட போயிருக்கா. மார்ச்சுல மகாதேவன் போனார். 'சான் ஹோசேன்னா எந்தப் புனிதர்'னு பேச்சு வந்துதாம். ஏப்ரல்ல சந்தானத்தை சான் மேட்டியோ கேட்டிருக்கா. ஜூன்ல கந்தசாமியை சான்டா கிளாரா, சான் பிரான்சிஸ்கோ ரெண்டும். அப்புறம் போன யாரையும் விடலை. லிஸ்ட் நீண்டுண்டே போறது."

"அது பாடத்துல இல்லீங்களே?"

"பாடத்துல இல்லாததை ஏன் கேக்கறா? யோசியுங்கோ. நம்மூர்ல சிதம்பரம்னா நடராஜர், ஸ்ரீரங்கம்னா ரங்கநாதர். அந்தந்த ஊர்ச் சாமியைத் தெரியாதவன் அந்த ஊர்க்காரனா? இங்கேயும் ஊருக்கு ஊர் சாமி பேர்தான் வெச்சிருக்கா. குடியுரிமை கேக்கறவனுக்கு ஊர்க்காவல் தெய்வம் யாருன்னு தெரிய வேண்டாமா?"

அந்த நியாயம் மறுக்க முடியாததாக இருந்தது. மாடிப்படியில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த மகள் ஓவியா மட்டும் மறுத்தாள்.

"அம்மா, தட்ஸ் நாட் ஆன் தி டெஸ்ட்! கவர்ன்மென்ட் கான்ட் ஆஸ்க் அபௌட் ரிலிஜன். வீ ஜஸ்ட் டிட் திஸ் இன் கிளாஸ்!"

"டெக்ஸ்ட் புக்ல இருக்கறது வேற, எக்ஸாம்ல வர்றது வேற," என்றார் சிவராமகிருஷ்ணன். "எட்டுப் பேருக்கு எட்டுப் பேர். இது டேட்டா."

அவர் பதினான்கு புனிதர்களின் பட்டியலை நீட்டினார். தனபாக்கியம் முதற்பெயரை வாசித்தார். தச்சர், குழந்தை இயேசுவை வளர்த்தவர், கையில் லில்லி மலர்.

"இவரு நம்ம சூசையப்பருங்க! ஈரோட்டுல நான் படிச்ச பள்ளிக்கூடத்துலயே இருந்தாரு. இந்த ஊரு சான் ஹோசே அவருதானா?"

சான் அன்டோனியோ, தொலைந்த பொருளைத் தேடித் தரும் அந்தோணியார். மேட்டியோ என்பவர் வரி வசூலித்த மத்தேயு. பிரான்சிஸ், பறவைகளோடு பேசியவர். அருளப்பர், நற்செய்தி எழுதியவர். கிளாரா தொலைக்காட்சிக்குப் பாதுகாவலர் என்று படித்தபோது கிட்டுசாமி செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"டிவிக்குக்கூட ஒரு சாமியா? அப்புறம் ஏன் நம்மூட்டு டிவி இப்படிக் கெடக்குது?"

"கும்பிட்டாத்தானுங்க."

இரண்டு மாதங்களில் நடக்காதது இரண்டே நாளில் நடந்தது. யார், என்ன தொழில், கையில் என்ன, பக்கத்தில் எந்த மிருகம், எதற்கு வேண்டிக்கொள்வது: பதினான்கு பேரும் எந்த வரிசையில் கேட்டாலும் உடனே வந்து நின்றார்கள். ஆயினும் அவர்கள் வந்த இடத்தில் வேறெவரும் தங்கவில்லை. முதல் மாதிரித் தேர்வில் சிவராமகிருஷ்ணன் கேட்டார்:

"நாட்டோட முதல் ஜனாதிபதி?"

"தச்சருங்க."

"சுதந்திர தினம் என்னிக்கு?"

"அவருக்கு மார்ச்சு பத்தொம்பதுங்க சார்."

"தேசியச் சின்னத்துல இருக்கற பறவை?"

"கழுகுங்க," என்றார் தனபாக்கியம். சிவராமகிருஷ்ணன் முகம் மலர்ந்தது. "அருளப்பரோட வாகனமுங்க."

ஞாயிறு காலை ஈரோட்டிலிருந்து தொலைபேசி வந்தது. தாயார் பேசினார், குரல் மெலிந்திருந்தது.

"படிக்கிறியா கண்ணு?"

"படிக்கிறேனம்மா."

"வராட்டியும் போகுது சாமி. அந்தப் புள்ள இருக்குது. நீ போட்டு மனசக் கொழப்பிக்காத."

தனபாக்கியம் போனை வைத்தார். உறவுப்பெண்ணுக்குத் தையில் கல்யாணம் என்பது இருவருக்கும் தெரியும். அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, கேள்வித்தாளை மேசைமேல் விரித்தார்.

"என்னுங்க, ஒரு பேனா கொடுங்க. சாமிகதான் நிக்கிறாங்க, மத்ததெல்லாம் நிக்க மாட்டேங்குது. அப்ப மத்ததையும் சாமிக கையில குடுத்துப் போடறேன்."

கொடியின் பதின்மூன்று கோடுகளைப் பதின்மூன்று பலகைகளாகச் சூசையப்பர் தோளில் ஏற்றினார். ஐம்பது நட்சத்திரங்களையும் தேடிப் பொறுக்கும் பொறுப்பு அந்தோணியாருக்கு. கழுகை அருளப்பரிடமிருந்து வாங்கிப் பிரான்சிஸின் கையில் அமர்த்தினார். நூறு செனட்டர்களும் மத்தேயுவின் முன் வரிசையில் நின்றனர். கிளாராவின் தொலைக்காட்சியில் முதல் ஜனாதிபதி வாஷிங்டன் செய்தி வாசித்தார். நூறு விடைகளும் பதினான்கு பேருக்குப் பங்கிடப்பட்டன. கடைசியில் சுதந்திரதேவி சிலைக்கு ஆள் கிடைக்காமல், அதையும் சூசையப்பரே சுமக்கும்படி ஆயிற்று.

"பாவம், வயசானவரு," என்றார் கிட்டுசாமி.

நவம்பர் பதினேழாம் தேதி இருவரும் பார்ட் ரயிலேறி சான் பிரான்சிஸ்கோ சென்றனர். காத்திருப்பு அறையில் தனபாக்கியத்தின் பெயரை அழைத்தவர் தடித்த கண்ணாடி அணிந்த ஓர் அம்மையார். கிட்டுசாமி மனைவியின் முழங்கையைத் தொட்டார்.

"அந்தம்மாவேதான் அம்மிணி."

"தெரியுதுங்க. நீங்க உக்காருங்க."

அறையில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும் ஒரு கொடியும் இருந்தன. தனபாக்கியம் வலக்கையை உயர்த்தி, உண்மையே பேசுவதாக உறுதி கூறினார்.

"செனட்டர்கள் எத்தனை பேர்?"

மத்தேயு நிமிர்ந்து பார்த்தார். "நூறு."

"நட்சத்திரங்கள்?"

"ஐம்பது."

"முதல் ஜனாதிபதி?"

கிளாரா தொலைக்காட்சியைத் திருப்பினார். "வாஷிங்டன்."

"கொடியில் எத்தனை கோடுகள்?"

பலகைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கின. "பதின்மூன்று." அவை எவற்றைக் குறிக்கின்றன என்பதையும் கேட்காமலே சொன்னார். இன்னும் இரண்டு கேள்விகள்; இரண்டு விடைகள்; பத்தில் ஆறு சரியானால் போதும். அதிகாரி ஒரு வாக்கியத்தைச் சொல்லி எழுதச் செய்தார்; அதையும் பிழையின்றி எழுதினார். அம்மையார் தாளில் குறியிட்டுக் கையெழுத்திட்டார்.

"வாழ்த்துகள், அம்மா. தேறிவிட்டீர்கள். உறுதிமொழி நாள் தபாலில் வரும்."

தனபாக்கியம் நன்றி கூறினார். எழுந்திருக்கவில்லை.

அதிகாரி அவரைப் பார்த்தார். அவரும் அதிகாரியைப் பார்த்தார். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்து, முதுகை நிமிர்த்தி அமர்ந்திருந்தார். எட்டுப் பேரைக் கேட்டவர் ஒன்பதாவது ஆளை விடமாட்டார். கையெழுத்தை நம்பி எழுந்துபோய், பிறகு பாதித் தேர்வில் ஓடிவிட்டதாக எழுதிவிட்டால் ஈரோட்டுக்கு யார் பதில் சொல்வது? சுவர்க்கடிகாரத்தில் ஒரு நிமிடம் கழிந்தது. வெளியே அடுத்தவரின் காலடி ஓசை கேட்டது.

அம்மையார் பெருமூச்சு விட்டு, பேனாவைக் கீழே வைத்தார்.

"சான் ஹோசே?"

"புனித சூசையப்பர். தச்சர். கையில் லில்லி மலர். திருநாள் மார்ச் பத்தொன்பது."

"சான் மேட்டியோ?"

"மத்தேயு. வரி வசூலித்தவர்."

"சான்டா கிளாரா?"

"கிளாரா. தொலைக்காட்சி."

"மிகவும் நன்று," என்றார் அதிகாரி.

தனபாக்கியம் அப்போதுதான் எழுந்தார். கதவருகே சென்றவருக்கு மனம் கேட்கவில்லை. திரும்பி நின்று, தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பணிவாக வினவினார்.

"மேடம், இதில் ஒன்றைத் தவறாகச் சொல்லியிருந்தால் என்னைத் தேர்வில் தள்ளியிருப்பீர்களா?"

"அந்தக் கேள்வி எங்கள் தேர்விலேயே இல்லை, அம்மா," என்றார் அதிகாரி. "மார்ச் மாதத்தில் உங்கள் ஊர்க்காரர் ஒருவர் நான் கேட்காமலேயே அதைச் சொன்னார், அன்றிலிருந்து, அதைக் கேட்காவிட்டால் உங்களில் ஒருவர்கூட இந்த நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை."